மறு: மறு: மீடியேஷனுக்குத் தமிழ் - சமரசம் ஏன் போதாது

குழுவினருக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கி வைத்துவிட்டு ஐந்து நாள் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாற்பது மணி நேரப் பாடத்தை ஐந்து நாளில் அடைத்தால் இரவு வீட்டுக்கு வந்து மடல்களைப் படிக்கத்தான் தெம்பு இருக்கும், பதில் எழுத இருக்காது. இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் கேட்டது என்ன என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன், பாதி மடல்கள் வடமொழி வேண்டுமா வேண்டாமா என்ற பழைய தெருவுக்குள் போய்விட்டன. குடும்பத் தகராறுகளில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச உதவுகிறவர்களுக்குத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு தேவைப்படுகிறது. படிக்கப்போகிறவர்கள் எல்லாரும் வக்கீல்கள் இல்லை. 2023ஆம் ஆண்டு வந்த மீடியேஷன் சட்டத்தில் சமுதாய அளவில் நடத்துவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இடையே அமைதி கெடும் என்கிற தகராறை மூன்று பேர் கொண்ட குழு எடுத்துப் பேசலாம். அந்த மூவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், மகளிர் குழுத் தலைவியாக இருக்கலாம், குடியிருப்போர் சங்கத்துக்காரராக இருக்கலாம். அவர்கள் கையில் கொடுக்க நாற்பது பக்கம். முதல் வரியிலேயே நான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் மீடியேஷன் எனப்படும் இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர்?

> சமரசம் என்ற நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. நீதிமன்ற வளாகப் பலகைகளிலேயே எழுதியிருக்கிறார்கள். இருப்பதைக் கலைப்பானேன்?

மதுரை ஐயா, பலகையில் இருப்பது உண்மைதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று தொடங்கிய மையம்தான் நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மீடியேஷன் மையம். அதன் வழியில் மாவட்டங்களில் வந்தவற்றுக்கெல்லாம் சமரச மையம், சமரசத் தீர்வு மையம் என்றுதான் பெயர். ஏப்ரல் ஒன்பதாம் தேதியைச் சமரச நாள் என்று பேரணி விட்டுக் கொண்டாடுகிறார்கள். பலகையைக் கழற்றச் சொல்ல நான் யார்?

ஆனால் அந்தச் சொல் காதில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில், “உங்க கேஸை சமரசத்துக்கு அனுப்பியிருக்காங்க” என்று ஒரு பெண்ணிடம் சொல்லுங்கள். அவள் முகம் உடனே இறுகும். “நான் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்?” என்பாள். பக்கத்தில் நிற்கும் அவள் அப்பா, “சமரசமெல்லாம் பேசியாச்சும்மா, மூணு தடவை” என்பார். அவர் சொல்வது சொந்தக்காரர்கள் கூடி, “பொறுத்துப் போம்மா, பிள்ளைக இருக்கு” என்று திருப்பி அனுப்பிவைத்த கூட்டங்களை. அந்த மூன்று கூட்டத்தின் பாரமும் நம் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மையத்துக் கதவைத் திறக்கும் முன்பே பாதி ஆட்டம் போய்விடுகிறது.

சமரசம் என்பது முடிவின் பெயர், நமக்கு வேண்டியது வழியின் பெயர். பேசிப் பார்த்து உடன்பாடு வராமல் எழுந்து போகவும் இரு தரப்புக்கும் உரிமை உண்டு. எழுந்து போனால், “சமரசம் தோற்றது” என்று எழுத வேண்டியிருக்கிறது. பேசி, பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்தால்? பிள்ளை எந்தச் சனிக்கிழமை யாரிடம், பள்ளிக் கட்டணம் யார், தீபாவளிக்கு எந்த வீடு என்று வரி வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பிரிகிறார்கள். என் கணக்கில் அது உருப்படியான வேலை. அதற்குச் சமரசம் என்று பெயர் வைத்தால் ஊர் சிரிக்கும். சேர்த்து வைத்தால்தான் வெற்றி என்கிற எண்ணத்தைப் பயிற்சியின் முதல் நாளே கழற்றி வைக்கச் சொல்கிறோம், ஆனால் சொல்லே அதைத் திருப்பி மாட்டிவிடுகிறது.

வள்ளலாரின் சமரசம் இதுவல்ல என்று ஐயா எழுதியிருந்தீர்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். வடலூரில் அந்தச் சொல்லுக்கு இருந்த உயரமே வேறு. யாரும் யாருக்கும் தாழ்ந்துபோகாத சமநிலை அது. நீதிமன்ற வராந்தா வரைக்கும் வந்து சேர்வதற்குள் இளைத்துப்போய்விட்டது. பேச்சுவழக்கில், “அவன் சமரசம் பண்ணிக்கிட்டான்” என்றால் இன்றைக்கு அது கொள்கையை விற்றவனைப் பற்றிய பேச்சு.

அடுத்தது மத்தியஸ்தம்.

> இலங்கையில் மத்தியஸ்த சபை என்றே சட்டப்பெயர். முப்பது ஆண்டுக்கு மேல் சனங்கள் பழகிய சொல்.

யாழ்ப்பாணத்து அண்ணா, உங்கள் பக்கத்துக்கு நான் எந்த மாற்றமும் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபைகள் அவை, ஊர் ஊராக இயங்குகின்றன, சனத்துக்கு அது என்னவென்று தெரியும். இணக்கசபை என்றும் சொல்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அது இன்னும் அழகு. ஆனால் எங்கள் பக்கம் மத்தியஸ்தம் வேறு குட்டையில் விழுந்து கிடக்கிறது. ஒப்பந்தங்களில் வரும் ஆர்பிட்ரேஷனையும் இங்கே பலர் மத்தியஸ்தம் என்றே மொழிபெயர்க்கிறார்கள். அங்கே நடுவில் இருப்பவர் தீர்ப்பே சொல்லிவிடுவார், அது இருவரையும் கட்டும். நம் ஆளுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஒரே சொல் இரண்டுக்கும் ஓடினால் கையெழுத்துப் போடுகிறவன் எதில் போடுகிறான் என்றே தெரியாது.

இதில் வேடிக்கை, குழப்பம் தமிழில் மட்டும் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 ஜூலையில் புது வடிவில் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் வழிகளை அது பட்டியல் போடுகிறது. அதில் மீடியேஷனுக்கு எழுத வேண்டிய விளக்கத்தை ஜுடிஷியல் செட்டில்மென்ட் என்ற இன்னொரு வழிக்கும், அதற்கு எழுத வேண்டியதை மீடியேஷனுக்கும் மாற்றி எழுதிவிட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் ஆஃப்கான்ஸ் வழக்கில் இதைச் சுட்டி, இரண்டையும் இடம் மாற்றிப் படிக்கும்படி சொல்ல வேண்டி வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய நாடாளுமன்றமே தடுமாறிய இடம். நாம் ஐந்து நாள் சண்டை போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. மீடியேஷன், கன்சிலியேஷன், இன்னும் அதைப் போன்ற எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி, இருவர் மூன்றாம் ஆளின் உதவியோடு இணக்கமான முடிவுக்கு முயல்வது, அந்த மூன்றாம் ஆளுக்கு முடிவைத் திணிக்கும் அதிகாரம் இல்லாதது, அதுதான் இது என்று வரையறுத்துவிட்டது. ஆகவே கன்சிலியேஷனுக்குத் தனிச்சொல், மீடியேஷனுக்குத் தனிச்சொல் என்று இழையில் நடந்த மல்லுக்கட்டை இதோடு விட்டுவிடலாம். நம் சொல்லில் இருக்க வேண்டிய உயிர் அந்தக் கடைசிப் பகுதி: திணிக்க அதிகாரம் இல்லை.

இந்த உரைகல்லில் நடுவர் நிற்கவே நிற்காது. தமிழ்நாட்டில் நடுவர் என்றதும் நினைவுக்கு வருவது பட்டிமன்றம். எல்லாரும் பேசி முடித்த பிறகு கடைசியில் தீர்ப்புச் சொல்பவர்தான் அங்கே நடுவர். கிரிக்கெட்டில் விரலைத் தூக்குபவரும் அவரே. “சமன்செய்து சீர்தூக்கும் கோல்” என்ற குறளை ஒருவர் எடுத்துப் போட்டிருந்தார். அருமையான குறள், ஆனால் அது நீதிபதிக்கு. தராசு எடை போடும். எங்கள் வகுப்பில் எடை போடாதே என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் இரண்டு நாள் போகிறது.

அந்தப் பாடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உண்மையான வழக்கு எதையும் சொல்ல எனக்கு அனுமதியில்லை, அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். பயிற்சிக்காக நாங்கள் கட்டிய கதையைச் சொல்லலாம்.

கணவனாக ஒருவர், மனைவியாக ஒருவர் நடிப்பார்கள். தகராறு கல்யாணச் சீராக வந்த பீரோவைப் பற்றி. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண், “என் பீரோ எனக்கு வேணும்” என்கிறாள். அவன், “அது என் வீட்டை விட்டுப் போகாது” என்கிறான். நடுவில் உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நல்ல மனிதர், ஊரில் மதிப்புள்ளவர். நான்காவது நிமிடமே முன்னால் சாய்ந்து, “தம்பி, ஒரு பீரோவுக்காகவா? பீரோவோட பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்து வச்சுக்கோ. நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று முடித்துவிட்டார். அறையே சிரித்தது. பயிற்றுநர் சிரிக்கவில்லை. “சார், அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சுனு அதே வார்த்தையில சொல்லுங்க” என்றார். அவருக்கு வரவில்லை. பையன் சொன்னது பாதி ஞாபகம் இருந்தது, பெண் சொன்னது ஒன்றும் இல்லை. பாவம், எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

மறுபடி உட்கார வைத்தோம். இந்த முறை தீர்வு சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். இருபது நிமிடம் கழித்து, பீரோ லாக்கரில் அவளுடைய பட்டச் சான்றிதழ்கள் இருப்பது வெளியே வந்தது. அரசுத் தேர்வு எழுதப்போகிறாள். சான்றிதழைக் கொடு என்று நேரே கேட்டால், தனியாக வாழத் தயாராகிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும், அதனால் பீரோவைக் கேட்கிறாள். அவனுக்கோ பீரோவே பிடிக்காது. ஆனால் அது மினி லாரியில் ஏறித் தெருவைத் தாண்டிப் போவதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தால், அவன் கல்யாணம் முறிந்துபோனதை ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி. அவன் மறைக்கப் பார்த்தது தெருவின் கண்ணிலிருந்து. இரண்டு பேருமே பீரோவைப் பற்றிப் பேசவில்லை.

இதற்குத்தான் ஆங்கிலப் பாடத்தில் பொசிஷன், இன்ட்ரெஸ்ட் என்று இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். முன்னதற்கு நிலைப்பாடு என்றும் பின்னதற்கு நலன் என்றும் இழையில் வந்தது. நலன் என்றால் அரசு நலத்திட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆர்வம் சுத்தமாகத் தப்பு. என் கையேட்டில் பிடி, தேவை என்று போட்டேன். பிடிவாதம் என்ற சொல்லுக்குள் பிடி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் விளக்க வேண்டாம். “அவங்க பிடி என்ன? அந்தப் பிடிக்குக் கீழே இருக்கிற தேவை என்ன?” என்று கரும்பலகையில் எழுதினேன், தலைமையாசிரியரே அடுத்த பயிற்சியில் அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு சொல் வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட வேறு சோதனை எனக்குத் தெரியாது.

சரி, தலைப்புச் சொல்லுக்கு வருகிறேன். பழைய தமிழில் தேடச் சொன்னவர்களுக்கு நன்றி, அந்தத் தேடலில்தான் இந்த வாரத்தின் சந்தோஷமே இருந்தது.

தொல்காப்பியக் கற்பியலில் வாயில்கள் என்று பன்னிரண்டு பேர் வருகிறார்கள். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். ஊடிப் பிரிந்த கணவன் மனைவிக்கு இடையே போய்ப் பேசுகிறவர்கள். ஆளைக் கதவு என்று அழைத்திருக்கிறார்கள்! அதைவிட எனக்குப் பிடித்தது, தலைவி அவர்களை ஏற்றுக்கொண்டால் வாயில் நேர்தல், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் வாயில் மறுத்தல். இன்று நாங்கள் தன்விருப்பப் பங்கேற்பு என்று அரைப்பக்கம் எழுதி விளக்குவது அங்கே இரண்டு சொல்லில் இருக்கிறது. மறுக்கும் உரிமைக்கு ஒரு துறையே கொடுத்திருக்கிறார்கள். கட்டப் பஞ்சாயத்தில் இந்த இரண்டாவது சொல்லுக்கு இடமே கிடையாது.

ஆனாலும் வாயிலை எடுக்க முடியவில்லை. பெரும்பாலும் தலைவன் அனுப்பித்தான் அவர்கள் வருகிறார்கள். பாணனைப் பார்த்து, நீ அவனுடைய ஆள், உன் பொய்யை யார் நம்புவார் என்று தலைவி விரட்டுவதைப் படித்தால், நடுநிலை இல்லாத இடைத்தரகரிடம் ஏற்படும் எரிச்சல் அப்படியே தெரிகிறது.

சந்து கொஞ்சம் கிட்டே வருகிறது. சந்து செய்தல் என்றால் பகையாக நிற்கும் இருவரை இணக்குதல். கோவூர்கிழார் செய்தது அதுதான். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டு நிற்கிறான், உள்ளே நெடுங்கிள்ளி கதவடைத்துக் கிடக்கிறான். இருவருமே சோழர்கள், பங்காளிச் சண்டை. புறநானூறு 45ஆம் பாட்டில் புலவர் சொல்கிறார்: எதிரே நிற்பவன் பனந்தோடு சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, உன் தலைமாலையும் சோழரின் ஆத்தி, அவன் தலைமாலையும் ஆத்தி. ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இருவரும் வெல்வது என்பது இயற்கையும் இல்லை. சொத்துத் தகராறோடு வரும் அண்ணன் தம்பிக்கு இதை இன்றைக்கும் மாற்றாமல் சொல்லலாம். இரு தரப்புக்கும் வெற்றி என்று பயிற்சி ஸ்லைடுகளில் பளபளப்பாகப் போடுகிறோமே, அதைவிட இவர் நேர்மையானவர். அந்தப் பாட்டின் துறைக்குத் துணைவஞ்சி என்று பெயர்.

சந்து என்ற சொல் மட்டும் இன்றைக்கு முட்டுச்சந்தாகிவிட்டது. குடும்பச் சந்து மையம் என்று பலகை வைத்தால் தபால்காரர் வீட்டு எண் கேட்பார்.

துணைவஞ்சியில் இருந்த துணை என்னை ஒரு நாள் முழுக்க ஆட்டிவைத்தது. பேச்சுத்துணை! வீட்டுப் பேச்சில் புழங்கும் சொல், மிரட்டாத சொல். குடும்பப் பேச்சுத்துணை மையம் என்று எழுதிப் பார்த்து நானே ரசித்தேன். முந்தாநாள் அந்த ஒரு வரியை மட்டும் குழுவுக்கு அனுப்பினேன். அரை மணியில் மூன்று அடி விழுந்தது.

> நடத்துகிறவரைப் பேச்சுத்துணைவர் என்பீர்களா? குடும்ப நல நீதிமன்றத்தில் துணைவர் என்றால் வாழ்க்கைத்துணை. வழக்கே மாறிவிடும்.

> எங்கடை பக்கம் கவுன்சலிங்கை உளவளத்துணை எண்டுதான் சொல்லுறது. பேச்சுத்துணையும் வந்தால் சனம் ரெண்டையும் ஒண்டாக்கிப்போடும்.

> என் பாட்டிக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் தேடுகிறோம். மையத்தின் முகவரி கிடைக்குமா?

மூன்றாவது மடல் எழுதிய பெங்களூரு தம்பிக்குத் தனியாகக் கவனிப்பு உண்டு. ஆனால் மூன்றுமே சரி. இரண்டாவது முக்கியமானதும்கூட. கவுன்சலிங்கும் இதுவும் ஒன்று என்று இங்கேயும் நினைக்கிறார்கள். ஆற்றுப்படுத்துநர் மனத்தோடு வேலை செய்கிறார். நம் ஆள் இரண்டு பேருக்கு இடையில் இருக்கும் விஷயத்தோடு வேலை செய்கிறார். சொல்லிலும் அந்தச் சுவர் இருந்தாக வேண்டும். பேச்சுத்துணையை மனசில்லாமல் விட்டுவிட்டேன்.

மிஞ்சியது நடுப்பேச்சு. தஞ்சாவூர் அம்மா போகிற போக்கில் ஒரு மடலில் எழுதியிருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. நடு என்பது இடம், பேச்சு என்பது செயல். முடிவு என்னவாகும் என்று சொல் வாக்குக் கொடுக்கவில்லை. நடுப்பேச்சு நடந்தது, உடன்பாடு வந்தது. நடுப்பேச்சு நடந்தது, உடன்பாடு வரவில்லை. இரண்டும் தமிழாகக் காதில் விழுகின்றன. இரண்டாவதில் தோல்வி என்ற சொல்லே வேண்டாம். நடத்துகிறவர் நீதிமன்றத்துக்கு அதற்கு மேல் எழுதவும் கூடாது, உடன்பாட்டை அனுப்ப வேண்டும் அல்லது வரவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருக்கிறது. யார் முரண்டு பிடித்தார் என்று கோள் சொல்லும் வேலை கிடையாது.

ஆக என் பரிந்துரை: வழிக்கு நடுப்பேச்சு. அதிலிருந்து வரக்கூடிய பல முடிவுகளில் ஒன்றுக்குச் சமரசம். எழுதிக் கையெழுத்திடும் தாளுக்கு உடன்படிக்கை. பலகையில் இருப்பது பலகையில் இருக்கட்டும்.

ஆளுக்கு என்ன பெயர்? நடுப்பேச்சாளர் என்றால் மேடையும் மைக்கும் வந்துவிடும், அந்த அறையில் எல்லாரையும்விடக் குறைவாகப் பேச வேண்டியவரைப் பேச்சாளர் என்பது அநியாயம். நான் நடுப்பேச்சு நடத்துநர் என்று போட்டிருக்கிறேன். பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். இருக்கட்டுமே. கண்டக்டர் கையில் ஸ்டியரிங் கிடையாது. நிறுத்தம் வருகிறது என்று குரல் கொடுப்பார், படியில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொல்வார், தள்ளுமுள்ளு வந்தால் விலக்கிவிடுவார். எங்கே இறங்குவது என்பது டிக்கெட் வாங்கினவர் முடிவு.

இன்னொரு சொல்லும் உங்கள் முன் வைக்கிறேன். ரீஃப்ரேமிங் என்று ஒரு திறன். ஒருவர் குத்தலாகச் சொன்னதை, அதன் உள்ளே இருக்கும் விஷயத்தை விடாமல், குத்தலை மட்டும் எடுத்துவிட்டுத் திருப்பிச் சொல்வது. “இவன் இன்னும் அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியுறான்” என்று அவள் சொன்னால், “வீட்டு விஷயங்களை நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணணும்னு எதிர்பார்க்கிறீங்க, அப்படித்தானே?” என்று கேட்பது. மறுசட்டகமாக்கல் என்று ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், அது தச்சுப்பட்டறைச் சொல். முள்ளெடுத்துச் சொல்லுதல் என்று நான் வைத்தேன். சின்னப் பிள்ளைக்கு மீன் ஊட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: மீன் போகக் கூடாது, முள் போக வேண்டும். சைவ வீட்டுக்காரர்கள் ஆட்சேபித்தால் காலில் தைத்த முள் என்று வைத்துக்கொள்ளட்டும்.

வன்முறை இருக்கும் வீடுகளைப் பற்றித் தனியாக ஒரு வரி. இருவரும் பயமில்லாமல் வாய் திறக்க முடியும் என்றால்தான் நடுப்பேச்சு. ஒருத்தி அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்கிறாள் என்றால் அங்கே நடுவே இல்லை. ஆகவே முதலில் இருவரையும் தனித்தனியே பார்த்து விசாரிப்பது கட்டாயம். ஸ்க்ரீனிங்குக்கு முன்விசாரிப்பு போதும் என்று நினைக்கிறேன். விசாரணை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், போலீஸ் வந்துவிடும்.

கடைசியாக, எனக்கு இன்னும் வசப்படாத சொல் காகஸ். இடையில் ஒரு தரப்பை மட்டும் தனியே அழைத்துப் பேசுவது. தனிப்பேச்சு என்றால் நடுப்பேச்சோடு இணையாக நிற்கிறது. ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்றவர் காதில் அது எப்படி விழும் என்பதுதான் கவலை. சொல்லுங்கள்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவள்

---

வணக்கம் அம்மா.

நடுப்பேச்சு எனக்கும் சரிதான். சமரசத்தை முடிவின் பெயராக வைத்துக்கொண்டதால் கோபம் பாதி தணிந்தது. ஒன்று சொல்லுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் சண்டை தீர்ந்தால், “ராசியாகிட்டாங்க” என்பார்கள். கோர்ட்டுக் குமாஸ்தாக்கள் ராஜி என்பார்கள். ராஜிநாமா என்பதே ஒருகாலத்தில் வழக்கை இணங்கி முடிக்கும் தாளைக் குறித்தது, நாம் அதை வேலையை விடுவதற்கு மாற்றிக்கொண்டோம். சொல் எங்கே புறப்பட்டு எங்கே போய் இறங்கும் என்று நாம் எழுதி வைக்க முடியாது. நடுப்பேச்சையும் பத்து வருஷம் சொந்தக்காரர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள், அதற்குள்ளும் பொறுத்துப் போம்மா வந்து உட்காரும்.

காகஸுக்குத் தனியமர்வு போதுமே.

மதுரையிலிருந்து

---

வணக்கம்.

தனிப்பேச்சு வேண்டாம். இங்கை மத்தியஸ்த சபையிலையும் ஒரு பகுதியைத் தனியக் கூப்பிட்டால் மற்றப் பகுதிக்கு உடனே சந்தேகம் வரும், என்னத்தைக் காதுக்குள்ளை ஓதினவை எண்டு. பேச்சு எண்ட சொல்லே அந்தச் சந்தேகத்தைக் கூட்டும். தனியமர்வு எண்டால் உங்களுக்கும் ஒருக்கால் வரும், அவைக்கும் ஒருக்கால் வரும் எண்டு விளங்கப்படுத்தலாம். முறை எண்ட சொல்லையும் சேர்த்துப் பாருங்கோ. முறையமர்வு.

பிடி, தேவை இரண்டையும் நான் எடுத்துக்கொள்ளுறன். கேக்காமல்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து

---

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி.

ஐயா சொன்ன பயம் நியாயம். பத்து வருஷம் கழித்து இன்னொரு இழை திறப்போம்.

முறையமர்வை நான் யோசித்தே இருக்கமாட்டேன். இருவருக்கும் முறை வரும் என்பது பெயரிலேயே இருந்தால், வெளியே பெஞ்சில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியது பாதியாகக் குறையும். தனி என்பதும் போகிறது. வரும் வகுப்பில் வைத்துப் பார்க்கிறேன்.

நேற்று கையேட்டின் மாதிரித் தாளை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தேன். கடைப் பையன் தலைப்பைப் படித்துவிட்டு, “குடும்ப நடுப்பேச்சுன்னா என்னக்கா? இதுல தீர்ப்பு யாரு சொல்வாங்க?” என்றான். யாரும் சொல்ல மாட்டார்கள் என்றேன். “அப்ப நடுவுல ஒருத்தர் எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்பக்கம் எடுக்கத் தாளைத் திருப்பிப் போட்டான். சமரசம் என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்க மாட்டான். கையேட்டின் முதல் பக்கத்தில் முன்னுரையை எடுத்துவிட்டு அந்தக் கேள்வியையே போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. முறையமர்வுக்கு ஆட்சேபம் உள்ளவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். பெங்களூரு தம்பி, பாட்டிக்கு ஆள் கிடைத்ததா?